காற்றே இங்கே வெடிமருந்து! வீட்டுப் பட்டறை ஈட்டித் துப்பாக்கி பற்றித் தெரியுமா?

கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 2 பார். அதைப்போலப் பத்து முதல் பதினைந்து மடங்கு அழுத்தத்தை, அதாவது 20 முதல் 30 பார் வரை, வெறும் கைப்பம்பால் ஒரு குழாய்க்குள் ஏற்றி, அதைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் முங்குகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? வெடிமருந்து கிடையாது. பேட்டரி கிடையாது. ரப்பர் பட்டைகூடக் கிடையாது. விசையைத் தட்டினால் முந்நூறு நானூறு கிராம் எடையுள்ள எஃகு ஈட்டி, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் குழாய்வாயை விட்டுக் கிளம்பும்! இதற்குப் பெயர் நியூமேட்டிக் ஸ்பியர்கன். நம் வசதிக்குக் காற்று ஈட்டித் துப்பாக்கி என்று வைத்துக்கொள்வோம்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. நூறு முறை சுட்டாலும் உள்ளே அடைத்த காற்று செலவே ஆகாது!

எப்படி? இந்தத் துப்பாக்கியில் குழாய்க்குள் குழாய். வெளியே தடித்த குழாய், அதுதான் காற்றுத் தொட்டி. அதன் நடுவே 11 அல்லது 13 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட மெல்லிய குழாய். அந்த மெல்லிய குழாய்க்குள் விரல் தடிமனில் ஒரு பிஸ்டன். ஈட்டியை வாய்வழியாக நுழைத்து, பலம் கொண்ட மட்டும் உள்ளே தள்ளினால் பிஸ்டன் பின்வாங்கும். அதன் பின்னால் இருக்கும் காற்று இன்னும் இறுகும். கடைசியில் ‘க்ளிக்’ என்று பிஸ்டனின் வால் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையைத் தட்டியதும் காற்று பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் ஈட்டியைத் தள்ளும். பிஸ்டன் வாய்முனையில் முட்டி நின்றுவிடும், ஈட்டி மட்டும் பறக்கும். காற்று ஒரு துளிகூட வெளியே வருவதில்லை. அப்படியானால் மீனைத் துளைத்த சக்தி எங்கிருந்து வந்தது? ஈட்டியை உள்ளே தள்ளினாரே, அவருடைய தோளிலிருந்து! காற்று வெறும் கணக்குப்பிள்ளை. வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டபோது திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்குப்பிள்ளையின் பேரேட்டை முதலில் படித்துக் காட்டியவர் ராபர்ட் பாயில். 1662இல். காற்றின் கனஅளவைப் பாதியாக்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும் என்று அவர் எழுதிவைத்ததைத்தான் எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ நாமெல்லாம் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்தோம். ஈட்டித் துப்பாக்கி செய்கிறவர்களால் மறக்க முடியாது. தொட்டியைச் சிறிதாகச் செய்துவிட்டால், ஈட்டியைத் தள்ளத் தள்ள அழுத்தம் எகிறிக்கொண்டே போய், கடைசி ஒரு சாண் நகரவே நகராது!

2 மில்லிமீட்டர் செய்யும் மாயம்

13 மில்லிமீட்டர் குழாய்க்கும் 11 மில்லிமீட்டர் குழாய்க்கும் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? நாற்பது சதவீதம்! 25 பார் அழுத்தத்தில் 11 மி.மீ. பிஸ்டனைத் தள்ளும் விசை சுமார் 24 கிலோ. 13 மி.மீ. பிஸ்டனைத் தள்ளும் விசை சுமார் 34 கிலோ. விட்டம் கொஞ்சம் கூடினால் பரப்பு அதன் வர்க்கத்தில் கூடும் என்ற பழைய வாய்ப்பாடுதான். அதே 34 கிலோவை முதலில் எதிர்த்துத் தள்ள ஆரம்பிக்கும் மனிதர், தொட்டியின் இடம் சுருங்கச் சுருங்க, கொக்கியில் மாட்டும்போது 44 கிலோவை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருப்பார். அதுவும் அலையில் மிதந்தபடி, துப்பாக்கியின் கைப்பிடியைக் காலில் ஊன்றிக்கொண்டு!

சரி, பம்படிப்பது? அரை லிட்டர் தொட்டியில் 25 பார் ஏற்ற வேண்டுமானால் வெளிக்காற்றில் பன்னிரண்டரை லிட்டரை உள்ளே திணிக்க வேண்டும். பம்பின் ஓர் அடிக்கு 30 மில்லி என்று வைத்தால் நானூறு அடிக்கு மேல். பாதி வேலையிலேயே பம்பின் அடிப்பகுதி கை வைக்க முடியாதபடி கொதிக்கும், ஏனென்றால் காற்றை அழுத்தினால் சூடேறும். டீசல் இன்ஜின் தீப்பொறி இல்லாமல் பற்றிக்கொள்வதும் இதே ரகசியத்தால்தான்.

இன்னொன்று. உச்சி வெயிலில் 40 டிகிரியில் காற்றடித்த துப்பாக்கியை 10 டிகிரித் தண்ணீருக்குள் கொண்டுபோனால், ஒரு குமிழிகூடக் கசியாமலேயே பத்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்துவிடும். காற்று குளிரில் சுருங்கிப் படுத்துக்கொள்ளும். “நேற்று நன்றாக இருந்ததே, கசிகிறதோ?” என்று அவசரப்பட்டு முழுத் துப்பாக்கியையும் கழற்றிப் போட்டுப் புலம்புகிறவர்கள் உண்டு.

அதோடு விட்டதா? 20 மீட்டர் ஆழத்துக்குப் போனால், கடல்நீர் தன் பங்குக்கு 2 பார் அழுத்தத்தைப் பிஸ்டனின் முகத்தில் ஏற்றி நிற்கும். மேலே 25 என்று கிளம்பிய துப்பாக்கி கீழே 23க்குத்தான் வேலை செய்யும்.

ஒரு வளையத்தின் கதை

இந்தத் துப்பாக்கியின் உயிர் எதில் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? எஃகுக் குழாயிலா? ஈட்டியின் கூரிலா? இல்லவே இல்லை. கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் கறுப்பு ரப்பர் வளையத்தில்! ஓ-ரிங். பிஸ்டனில் இரண்டு, மூடிகளில் ஒன்றிரண்டு, விசையின் தண்டில் ஒன்று, காற்றடைக்கும் வால்வில் ஒன்று. ஐந்தாறு வளையங்கள் சேர்ந்து அத்தனை காற்றையும் மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கின்றன.

இந்த வளையத்தை ஒரு காடியில் (பள்ளத்தில்) உட்காரவைத்துக் கசிவை அடைக்கும் வித்தைக்குக் காப்புரிமை கேட்டு 1937இல் அமெரிக்காவில் மனுப் போட்டவர் நீல்ஸ் கிறிஸ்டென்சன். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். டிராம் வண்டிகளுக்குக் காற்று பிரேக் செய்து பேர் வாங்கியவர். மனுப் போட்டபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது! தன் வீட்டுப் பட்டறையிலேயே வளையமும் காடியும் மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். 1939இல் காப்புரிமை கிடைத்தது. போர் வந்தது. அமெரிக்க அரசு அந்த உரிமையை வாங்கி, போர்த்தளவாடம் செய்யும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. கிழவருக்குக் கிடைத்தது 75,000 டாலர். உலகத்தில் ஓ-ரிங் இல்லாத இயந்திரம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். அதற்கு இது கூலியா?

அவர் கண்டுபிடித்ததில் உள்ள அழகைப் பாருங்கள். வளையம் உட்காரும் காடி, வளையத்தைவிடச் சற்று அகலம். அதனால் வளையம் கொஞ்சம் நகரலாம். அழுத்தம் ஒரு பக்கத்திலிருந்து தள்ளும்போது, வளையம் காடியின் மறுபக்கச் சுவரில் போய் ஒட்டி நசுங்கும். நசுங்க நசுங்க இடைவெளி இன்னும் இறுக்கமாக மூடும். எதிரி எவ்வளவு பலமாகத் தள்ளுகிறானோ, கதவு அவ்வளவு இறுக்கமாகச் சாத்திக்கொள்கிறது!

ஆனால் ஒரு நிபந்தனை. காடியின் ஆழம் கொஞ்சம் கூடினால் வளையம் நசுங்காது, காற்று கசியும். கொஞ்சம் குறைந்தால் வளையம் அதிகம் நசுங்கி, பிஸ்டன் நகரவே திணறும், வளையமும் சீக்கிரம் தேயும். நகரும் பிஸ்டனுக்கு வளையத்தின் தடிமனில் ஏறக்குறைய பத்து சதவீதம் நசுங்கினால் போதும். 2 மில்லிமீட்டர் வளையம் என்றால் 0.2 மில்லிமீட்டர். லேத்தில் கைநடுங்கி ஒரு முடியளவு கூடக் கடைந்துவிட்டால் கதை முடிந்தது. குழாயின் உட்புறமும் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். விரலுக்குத் தட்டுப்படாத கீறல்கூட வளையத்துக்குத் தட்டுப்படும். அதனால்தான் இந்தத் துப்பாக்கி செய்கிறவர்கள், கைப்பிடியை மரத்தில் செதுக்குவதற்கு ஒரு மாலை செலவழித்தால், குழாயை ஹோனிங் போட்டு இழைப்பதற்கு ஒரு வாரம் செலவழிக்கிறார்கள். என்னைக் கேட்டால், துப்பாக்கி செய்யத் தெரியுமா என்று ஒருவரிடம் கேட்கவே வேண்டாம். ஒரு காடி கடையச் சொல்லி வெர்னியரை வைத்துப் பார்த்தாலே போதும்.

ஓ-ரிங்குக்குக் குளிர் ஆகாது என்பதும் தெரியுமா? 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் ஏழு பேரோடு வெடித்துச் சிதறியதற்குக் காரணம், உறைபனிக் குளிரில் விறைத்துப்போன ஓ-ரிங்தான். விசாரணைக் குழுவில் இருந்த ரிச்சர்ட் ஃபைன்மன், ஒரு துண்டு வளையத்தைக் கிடுக்கியில் நசுக்கி, மேசைமேல் இருந்த ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டு எடுத்து, அது பழைய வடிவத்துக்குத் திரும்பச் சுணங்குவதை எல்லோர் முன்னாலும் காட்டினார். கடலில் அந்த அளவு குளிர் இல்லை. ஆனால் தொட்டிக்குள் சில மில்லி மெல்லிய ஆயில் ஊற்றாமல் யாரும் மூடியை முடுக்குவதில்லை. வளையம் வழுக்கிப் போகவும் துரு பிடிக்காமல் இருக்கவும் அதுதான் மருந்து.

தண்ணீரை விரட்டும் தந்திரம்

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. வெளியே நூறு அடி பறக்கும் ஈட்டி, தண்ணீருக்குள் நாலைந்து மீட்டரிலேயே சோர்ந்துவிடும். ஆனால் சோர்வு வெளியே வந்த பிறகுதான் தொடங்குகிறது என்று நினைக்காதீர்கள். குழாய்க்குள்ளேயே தொடங்குகிறது!

முங்கியதும் பிஸ்டனுக்கு முன்னால், ஈட்டியைச் சுற்றி, குழாய் முழுக்கத் தண்ணீர் புகுந்துவிடும். 90 செ.மீ. நீளமும் 13 மி.மீ. உள்விட்டமும் உள்ள குழாயில் 8 மி.மீ. ஈட்டி போக மிச்ச இடத்தில் சுமார் 74 மில்லி தண்ணீர். சுடும்போது பிஸ்டன் ஈட்டியை மட்டுமா தள்ளுகிறது? இந்த 74 கிராமையும் சேர்த்து, வாய்முனையின் குறுகலான துவாரங்கள் வழியாகப் பீய்ச்சி அடிக்க வேண்டும். சக்தியில் நல்ல பங்கு இதிலேயே போய்விடும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அபாரம்! வாய்முனையில் ஒரு மெல்லிய ரப்பர் கழுத்துப்பட்டி. ஈட்டியை அது கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஈட்டியை உள்ளே தள்ளும்போது பிஸ்டன் பின்வாங்கும், ஆனால் அதன் முன்னால் உண்டாகும் இடத்துக்குள் தண்ணீர் வர வழியில்லை. என்ன ஆகும்? வெற்றிடம்! கடலுக்கு அடியில், கைக்குள், ஒரு முழ நீளத்துக்கு ஒன்றுமே இல்லாத இடம். சுட்டதும் பிஸ்டன் தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் சொய்யென்று பாயும். ரஷ்யர்களும் உக்ரேனியர்களும் இந்த வெற்றிட வாய்முனையைத் தங்கள் பட்டறைகளில் விதவிதமாகச் செய்து பார்த்துப் பழகியவர்கள். அதே அழுத்தத்தில் ஈட்டி இன்னும் வேகமாகப் போகும், அல்லது அதே வேகத்துக்குக் குறைந்த அழுத்தம் போதும். தோளுக்கு நிம்மதி.

கடையில் இல்லை, அதனால் செய்தார்கள்

ரஷ்யர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டில் செய்த ஈட்டித் துப்பாக்கிக்கு உலகத்தில் ஒரு தலைநகரம் உண்டென்றால் அது பழைய சோவியத் நாடுதான். காரணம் எளிது. கடையில் நல்ல சரக்குக் கிடைக்கவில்லை! இத்தாலியிலும் பிரான்சிலும் கண்ணாடி அலமாரியில் மின்னியதை இவர்கள் படத்தில் பார்த்தார்கள். ஆனால் ஆலை வேலையாட்கள் கையில் லேத் இருந்தது, அதில் கடைந்து தள்ளுகிற கையும் இருந்தது. விமானம் செய்யும் டியூராலுமின், துருவே ஏறாத டைட்டானியம் ஆகியவற்றின் மிச்சத் துண்டுகளும் இருந்தன. 1962இல் தொடங்கிய ‘ஸ்போர்ட்ஸ்மென் பொட்வோட்னிக்’ என்ற வெளியீட்டில், முங்கும் கலையோடு கையால் செய்த துப்பாக்கிகளின் வரைபடங்களும் வந்தன. அளவோடு, வெட்டுத்தோற்றத்தோடு!

அவர்கள் மீன் பிடித்த இடமும் வேறு. தெளிந்த நீலக்கடல் இல்லை. வோல்காவும் நீப்பரும், ஒன்றிரண்டு மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத கலங்கல் தண்ணீர். அங்கே ஆள் நீளக் கெளுத்தி மீன்கள் கிடக்கும். நீளத் துப்பாக்கியைத் திருப்ப இடமில்லை. குட்டையாக இருக்க வேண்டும், அடி பலமாக இருக்க வேண்டும். ரப்பர் பட்டையால் ஈட்டியை எறியும் துப்பாக்கியில் பலம் வேண்டுமானால் நீளம் வேண்டும். காற்றுத் துப்பாக்கியிலோ முழங்கை நீளத்திலும் நல்ல பலம் கிடைக்கும். தேவையே வடிவத்தைத் தீர்மானித்தது. சோவியத் நாடு போன பிறகு இந்தப் பட்டறைகளில் சில தொழிற்கூடங்களாயின. ரஷ்யாவின் ‘தைமென்’, உக்ரைனின் ‘பெலெங்காஸ்’ என்று துப்பாக்கிகள் சந்தைக்கு வந்தன. இரண்டுமே மீன்களின் பெயர்கள்!

விளையாட்டாகத் தொடங்கியது எங்கே?

1930களில் பிரான்சின் தென்கடற்கரையில். அமெரிக்க எழுத்தாளரும் விமானியுமான கை கில்பாட்ரிக், விமானிகள் போடும் கண்ணாடியின் காற்றுத் துளைகளைப் புட்டிப் பசையால் அடைத்துக்கொண்டு கடலில் முங்கினார். கையில் ஈட்டி. 1938இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். 1937இல் விடுமுறைக்கு வந்த வியன்னா மாணவர் ஒருவர் அவரைப் பார்த்து ஆசைப்பட்டு ஈட்டி பிடித்தார். பெயர் ஹான்ஸ் ஹாஸ். கொஞ்ச நாளில் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தவர், கடலடிப் படங்களின் முன்னோடி ஆனார். அதே கரையில் ஈட்டியோடு முங்கித் திரிந்த மூவர் ஜாக் கூஸ்தோ, ஃபிலிப் தையே, ஃபிரெடெரிக் துமா. 1943இல் தண்ணீருக்கடியில் மூச்சுவிடும் அக்வாலங்கைக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கினார்கள். மீன் குத்தப் போனவர்கள்தான் நமக்குக் கடலைக் காட்டினார்கள்!

ஆனால் போட்டியில் அந்த அக்வாலங்குக்கு இடமில்லை, தெரியுமா? ஈட்டி மீன்பிடி உலகப் போட்டியில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் முங்க வேண்டும். 1957இல் அன்றைய யூகோஸ்லாவியாவின் லோஷின் தீவில் நடந்தது முதல் உலகப் போட்டி. மயோர்க்காத் தீவைச் சேர்ந்த ஸ்பானியர் ஹோசே அமென்குவால் மூன்று முறை தனிநபர் பட்டம் வென்றார்.

இலங்கைக்கும் இதில் பங்குண்டு. 1950களில் கொழும்பில் பேர்பெற்ற ஈட்டி முங்குநர் ரொட்னி ஜோன்கிளாஸ். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கடலைத் தேடி அங்கே வந்தபோது தோள்கொடுத்தவர். 1961இல் மைக் வில்சன் தென்கிழக்குக் கடலில் உள்ள கிரேட் பாசஸ் பாறைத்திட்டுகளில் அவுரங்கசீப் காலத்து வெள்ளிக் காசுகளோடு ஒரு கப்பலின் எச்சத்தைக் கண்டார்!

அதற்கும் முன்னால்?

காற்றால் சுடும் துப்பாக்கி புதிது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். 1780 வாக்கிலேயே ஆஸ்திரியப் படை, பார்தலோமியோ ஜிரார்டோனி செய்த காற்றுத் துப்பாக்கியை வைத்திருந்தது. தொட்டியை நிரப்ப ஏறக்குறைய 1,500 முறை பம்படிக்க வேண்டும்! அமெரிக்காவைக் குறுக்கே கடந்த லூயிஸ்–கிளார்க் பயணத்தில் (1803–1806) ஒரு காற்றுத் துப்பாக்கியும் போனது.

அட, நம் பக்கத்துக்கே வாருங்கள். மலபாரில் நுரையீரல் காற்றாலேயே மீன் பிடித்திருக்கிறார்கள். நீண்ட ஊதுகுழல், உள்ளே இரும்பு அம்பு, அம்பில் கயிறு. வாயால் ஓர் ஊது! மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல்களைப் பற்றி 1924இல் கட்டுரையே எழுதினார்.

இன்னும் பின்னே போனால் குறுந்தொகை. 304ஆம் பாட்டில், உலர்ந்த மூங்கில் காம்பில் கூரிய இரும்பு உளியைச் செருகி, பரதவர் கொம்புள்ள மீனை எறிந்து வேட்டையாடுகிறார்கள். கூர் இரும்பு, தண்டு, மீனை இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இன்றைய துப்பாக்கியிலும் ஈட்டி, முள், தங்கூசி என்று அதே மூன்றுதான். நடுவில் காற்று வந்து சேர்ந்திருக்கிறது.

கடல் உயிர்கள் இதிலும் முந்திவிட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். மன்னார் வளைகுடாவில் வாழும் கூம்பு நத்தைகள் நஞ்சு தோய்ந்த உள்ளீடற்ற பல்லை ஈட்டிபோல் எய்பவை. மீன் தின்னும் வகைகள் எய்யும் நேரம், ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டுகூட ஆகாது! அந்த நஞ்சில் பிறந்த வலி மருந்து ஸிகோனோடைட், 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மயில் நிற மேன்டிஸ் இறால் தன் முட்டியை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. நம் பட்டறைக்காரர் குழாயும் வளையமும் பம்பும் வைத்து எட்டிப்பிடிக்கும் வேகத்துக்குப் பக்கத்தில் ஓர் இறால், வெறுங்கையோடு!

மீனும் சும்மா நிற்பதில்லை. பிஸ்டன் வாய்முனையில் முட்டும் ‘டங்’ ஓசை தண்ணீரில் நொடிக்கு 1,500 மீட்டர் ஓடும். நான்கு மீட்டர் தள்ளி நிற்கும் மீனுக்கு மூன்று மில்லி நொடிக்குள் சேதி போய்விடும். ஈட்டி போய்ச் சேர அதைப்போல ஐம்பது மடங்குக்கு மேல் நேரமாகும். மீனின் பின்மூளையில் மௌத்னர் செல்கள் என்ற இரண்டு பெரிய நரம்பணுக்கள், இதற்கென்றே காத்திருக்கின்றன. அவை தூண்டப்பட்டதும் மீன் உடலை வில்லாக வளைத்துத் துள்ளிவிடும். வாய்முனையில் அதிர்வு தாங்கி வைக்க மெனக்கெடுவது பிஸ்டன் உடையாமல் இருக்க மட்டுமல்ல, சத்தத்தை அடக்கவும்தான். முகக் கண்ணாடி வேறு ஏமாற்றும். தண்ணீருக்குள் பார்க்கும் எல்லாமே முக்கால் தூரத்தில் நிற்பதாகத் தெரியும். நாலு மீட்டரில் நிற்கும் மீன் மூன்றே மீட்டரில் நிற்பதாகக் கை நம்பும்!

வெடிப்பது எது?

40 மி.மீ. விட்டம், ஒன்றரை மி.மீ. சுவர் கொண்ட நல்ல அலுமினியக் குழாய், 30 பார் அழுத்தத்தைத் தன் பலத்தில் ஏழில் ஒரு பங்கிலேயே தாங்கும். அதனால் எல்லோரும் குழாய்ச் சுவரைப் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். பார்க்க வேண்டியது மூடியை! அதே 30 பாரில் பின்மூடியின் மேல் முட்டும் விசை முந்நூறு கிலோவுக்கும் மேல். அந்த முந்நூறு கிலோவையும் தாங்குவது நாலைந்து சுற்று மரைகள். மரை சரியாக வெட்டப்படாவிட்டால், ஈட்டிக்குப் பதில் மூடி பறக்கும். அதுவும் சுடுகிறவரின் முகத்தை நோக்கி.

விவரம் தெரிந்தவர்கள் எடுத்த எடுப்பில் காற்றடைத்துச் சோதிப்பதில்லை. முதலில் தண்ணீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 45 பாருக்கு அழுத்தினாலும் சுமார் 2 மில்லிதான் சுருங்கும். அதனால் உள்ளே சக்தி சேராது. விட்டுப்போனால் ‘புஸ்’ என்று கசியும், அவ்வளவே. அதே இடத்தில் காற்று இருந்திருந்தால் குண்டு. அதற்குப் பிறகுதான் காற்றடைத்து, சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதைப்போல வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி தேடுவார்கள். ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டும் புத்திசாலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழுத்தமேறிய ஆக்சிஜனும் உள்ளே இருக்கும் ஆயிலும் சேர்ந்தால் தானாகத் தீப்பிடிக்கும். அந்தப் பக்கமே போகக் கூடாது.

இத்தனையும் படித்துவிட்டு லேத் பட்டறைப் பக்கம் கால் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. அழுத்தக் கலங்களில் பழகிய கை பக்கத்தில் இல்லாமல் காற்றைத் தொடாதீர்கள். தண்ணீருக்கு வெளியே ஒருபோதும் துப்பாக்கியில் ஈட்டியைப் பூட்டாதீர்கள், துப்பாக்கியை ஆளை நோக்கித் திருப்பாதீர்கள். தனியாக முங்காதீர்கள், மூச்சைப் பிடித்து முங்குகிறவர் மேலே வரும் கடைசி மீட்டர்களில் சத்தமில்லாமல் மயங்கிவிடக்கூடும். ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் ஈட்டியை எடுக்கவே கூடாது, அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இலங்கைக் கடலில் ஈட்டித் துப்பாக்கிக்கே தடை. வேறு எந்தக் கரையானாலும், முதலில் உள்ளூர் மீன்வளத் துறை அலுவலகத்தில் போய்க் கேட்டுவிட்டு அப்புறம் குழாயை வெட்டுங்கள்.